காலி மனையில் காய்கறி: தரைப் பாத்தியா, குரோ பேகா?

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் எத்தனையோ காலி மனைகள் கருவேல முள்ளும் குப்பையுமாகக் கிடக்கின்றன. காவிரி வண்டல் படிந்த மண்ணை அப்படியே விட மனசு வரவில்லை. சரி, சுத்தம் பண்ணித் தோட்டம் போடலாம் என்று இறங்கினால் முதல் கேள்வியே இதுதான்: தரையில் பாத்தி போடுவதா, குரோ பேக் என்கிற செடி வளர்க்கும் பையில் வைப்பதா?

செலவு: பாத்திக்கு மண்வெட்டி, தொழு உரம், ஆள் கூலி போதும். பைக்கு தேங்காய் நார்க்கழிவு, மண் என்று முதலிலேயே காசு போகும், வெயிலில் சில வருடத்தில் கிழிந்தும் விடும்.

தண்ணீர்: நம் களிமண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சித்திரை வெயிலில் பைக்குத் தினமும் ஊற்றணும்.

மழை: இங்கேதான் பாத்தி தோற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மனை தெருவைவிடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் வடியாமல் கத்தரி வேர் அழுகி, காலையில் பார்த்தால் இலையெல்லாம் தொங்கிக் கிடக்கும். ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு ஓரமாக வாய்க்கால் வெட்டினால் ஓரளவு தப்பிக்கலாம்.

மண்: ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். செங்கல் துண்டு, சிமெண்ட் காரை, பெயிண்ட் ஒட்டிய சுவர்த்துண்டு வந்தால் அங்கே தரையில் கீரை வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், கீரையோடு மண்ணும் ஒட்டி வரும். பைதான் வழி.

அப்புறம், மனைக்காரர் திடீரென்று வீடு கட்டப்போகிறேன் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம், பாத்தியை முடியாது. வாய்ப்பேச்சில் கிடைத்த இடத்துக்குப் பை, நாலைந்து வருடம் எழுதிக் கொடுத்த இடத்துக்குப் பாத்தி. வாழை, முருங்கை என்றால் யோசிக்கவே வேண்டாம், தரைதான்.