திருகோணமலையிலிருந்து ஒரு தொலைதூர வால்வெள்ளியைப் பின்தொடர்தல்: ஹொரைசன்ஸ், ஸ்டெல்லேரியம், கோப்ஸ் – நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சி/2017 கே2 பான்ஸ்டார்ஸ் என்ற வால்வெள்ளி 2017 மே மாதம் ஹவாயிலுள்ள பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் முதன்முதலாகப் பிடிபட்டபோது, அது சூரியனிலிருந்து ஏறத்தாழ 16 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவு) தொலைவில், சனியின் சுற்றுப்பாதைக்கும் அப்பால் இருந்தது. சூரியனை அது மிக நெருங்கிய நாள் 2022 டிசம்பர் 19. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் அதன் பாதையையும் பிரகாசத்தையும் பின்தொடர நான் பயன்படுத்தியவை மூன்று இலவச வசதிகளும் ஒரு 15×70 பைனாக்குலரும் மட்டுமே. அவற்றுள் எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இப்பகிர்வின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வால்வெள்ளி எங்கே இருக்கும் என்று இவை சொல்வதை அப்படியே நம்பலாம், எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்று சொல்வதை வேறொரு சான்று கிடைக்கும்வரை நம்பவேண்டாம்.

முதலாவது, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடம் நடத்தும் ஹொரைசன்ஸ் சேவை. இது வால்வெள்ளியின் இயக்கத்தைச் சூரியனின் ஈர்ப்போடு கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துப் படிப்படியாகக் கணிப்பதால், மாதங்களுக்கு முன்னதாக எடுத்துவைத்த அட்டவணைகூட பைனாக்குலரின் பார்வைப் புலத்தை மீறும் அளவுக்குத் தவறியதில்லை. அவதானிக்கும் இடமாக வடக்கு 8.58 பாகை, கிழக்கு 81.23 பாகை என்று கொடுத்து, நேரத்தை உலக நேரத்துடன் ஐந்தரை மணி கூட்டித் தரும்படி அமைத்துக்கொண்டால், நம் ஊர் வானில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதும் வந்துவிடும். 1.8 வானியல் அலகு தொலைவிலுள்ள பொருளுக்கு, பூமியில் நாம் நிற்கும் இடத்தால் விண்மீன்களிடையே ஏற்படும் நகர்வு அதிகபட்சம் 5 விகலைதான் (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). ஆகவே ஊரின் ஆள்கூறு தேவைப்படுவது அடிவான உயரத்துக்காகவே ஒழிய, வரைபடத்தில் புள்ளி வைப்பதற்காக அல்ல.

புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஓர் இடமும் இதில் உண்டு. கே2-இன் மையவகற்சி, அதாவது பாதை எவ்வளவு நீண்டது என்பதைச் சொல்லும் எண், 1-ஐவிடச் சற்றே கூடுதலாகக் காட்டப்படும்; 1-ஐத் தாண்டினால் பாதை மூடாத, திரும்பி வராத பாதை என்று பொருள். அதைப் பார்த்ததும் இது வேறொரு விண்மீனிலிருந்து வந்த பொருளோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சூரியனை மட்டும் மையமாக வைத்துக் கணிக்கும்போது, வியாழனின் இழுப்பால் சூரியனே அசைவதும் அந்த எண்ணுக்குள் கலந்துவிடுகிறது. மையத்தைச் சூரியத் தொகுதியின் பொதுத் திணிவு மையத்துக்கு மாற்றி, வால்வெள்ளி இன்னும் வெகுதொலைவில் இருந்த ஓர் ஆண்டைத் தெரிவுசெய்தால், அது சூரியத் தொகுதியின் வெளி எல்லையிலுள்ள பனிப்பொருள்களின் திரளான ஊர்ட் முகிலிலிருந்து வந்த, சூரியனுக்குக் கட்டுப்பட்ட பொருள் என்பது தெளிவாகும்.

ஸ்டெல்லேரியம் வானத்தைக் கண்முன் விரித்துக் காட்டுவதற்கு ஈடில்லாதது. ஆனால் இத்தகைய கோளரங்கச் செயலிகள் பொதுவாக ஒரு குறிப்பிட்ட நாளுக்குரிய சுற்றுப்பாதைக் கூறுகளை (பாதையின் வடிவத்தையும் கிடப்பையும் சொல்லும் எண்களை) எடுத்துக்கொண்டு, சூரியனும் வால்வெள்ளியும் மட்டும் இருப்பதுபோலக் கணிப்பவை. அந்த நாளிலிருந்து விலக விலகப் பிழை வளரும். சிறுகோள், வால்வெள்ளி அவதானங்களை உலகளவில் திரட்டும் சிறுகோள் மையம் வெளியிடும் புதிய கூறுகளை அவ்வப்போது இறக்கி மாற்றிக்கொண்டால் போதும். அதைச் செய்ய இடமே தராத ஒரு கைத்தொலைபேசிச் செயலியை நான் இதனாலேயே நீக்கிவிட்டேன்.

இனிப் பிரகாசம். பிரகாச எண் குறையக் குறையப் பொருள் ஒளிமிக்கது என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஹொரைசன்ஸ் தரும் மொத்தப் பிரகாச எண், வால்வெள்ளியின் அடிப்படைப் பிரகாசத்துடன் பூமியின் தொலைவுக்கு ஒரு மடக்கை உறுப்பையும் சூரியத் தொலைவுக்கு இன்னொரு மடக்கை உறுப்பையும் கூட்டிப் பெறப்படுவது. சிக்கல் இரண்டாவது உறுப்பின் குணகத்தில் இருக்கிறது. வழக்கமான அனுமானப்படி, பூமியிலிருந்து உள்ள தூரம் மாறாதிருந்தால், சூரியத் தொலைவு பாதியாகும்போது ஒளி 16 மடங்காகும். மந்தமான வால்வெள்ளியிலோ 8 மடங்குதான் ஆகும். ஒரு தடவைக்கு இது பெரிய வேறுபாடல்ல. ஆனால் 16 அலகிலிருந்து 2 அலகுக்கு வரும்போது தொலைவு மூன்று தடவை பாதியாகிறது. முதலாவது கணக்கில் 4096 மடங்கு, இரண்டாவதில் 512 மடங்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள 8 மடங்கு என்பது இரண்டேகால் பிரகாச எண், அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கும் பைனாக்குலரில் தேடிப்பிடிப்பதற்கும் உள்ள தூரம். சனிக்கு அப்பாலான குளிரில் நீர்ப்பனி ஆவியாவதில்லை. அங்கே கே2-ஐ ஒளிரவைத்தவை காபனோரொட்சைட்டு போன்ற எளிதில் ஆவியாகும் பனிகளே. அந்த முன்கூட்டிய பிரகாசத்தை வைத்துப் பின்வருவதைப் பெருக்கினால் ஏமாற்றந்தான். 1973-இல் கொஹூடெக் வால்வெள்ளி உலகத்துக்கே புகட்டிய பாடம் இது, ஆயினும் ஒவ்வொரு தடவையும் பத்திரிகைகள் அதை மறந்துவிடுகின்றன.

திருகோணமலையில் வானம் திறந்திருப்பது கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில். கே2 பூமிக்கு மிக அருகில், 27 கோடி கிலோமீற்றரில் வந்தது 2022 ஜூலை 14 அன்று. அப்போது அது ஒபியுக்கஸ் விண்மீன் மண்டலத்தில் மெசியர் 10 என்ற விண்மீன் கொத்தின் அருகே, இரவு ஒன்பதரை மணியளவில் ஏறத்தாழ 77 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலேயே நின்றது. ஆனால் அதற்கு முதல் நாள் எசல போயா. முழுநிலவு அந்த வாரத்தை விழுங்கிவிட்டது. எரிபொருள் தட்டுப்பாட்டால் குச்சவெளிப் பக்கத்து இருட்டைத் தேடிப் போகவும் வழியிருக்கவில்லை. நிலவு தேய்ந்த பிறகு, உவர்மலை வீட்டு மொட்டைமாடியிலிருந்தே முன்னிரவு மின்வெட்டு நேரத்தில் அதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அந்த ஆண்டின் மின்வெட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் வானம் பார்ப்பவர்கள் மட்டுமாகத்தான் இருப்பார்கள்.

பிரகாசத்தைக் கணிக்க நான் கைக்கொண்டது சிட்ஜ்விக் முறை. குவியத்தில் தெரியும் வால்வெள்ளியின் மங்கலான தலைப்பகுதியின் அளவையும் சராசரி ஒளியையும் மனத்தில் இருத்தி, பிறகு பிரகாசம் தெரிந்த விண்மீன்களைக் குவியம் கலைத்து அதே அளவுக்கு விரியவைத்து ஒப்பிடவேண்டும். ஒப்பிடும் விண்மீன் ஏறத்தாழ அதே உயரத்தில் இருப்பது கட்டாயம். கடலோர ஈரப்பதம் அடிவானத்தருகே ஒளியை வெகுவாகத் தின்றுவிடும். உப்புக்காற்றில் வில்லையின் மேல் படியும் மெல்லிய படலத்தையும் அடிக்கடி கவனிக்கவேண்டும், அதை உலர்துணியால் தேய்க்கவே கூடாது. அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் என் கணிப்புகள் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையிலேயே நின்றன.

இதைச் சரிபார்க்க உதவியது கோப்ஸ் என்ற வால்வெள்ளி அவதானத் தரவுத்தளம். சுலோவேனியாவின் சேர்னி வ்ர்ஹ் வானாய்வகம் பேணும் இதில், உலகெங்கும் உள்ள அவதானிகளின் கணிப்புகள் கருவி, முறை, செறிவு நிலை (தலைப்பகுதியின் ஒளி நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது) ஆகியவற்றுடன் பதிவாகின்றன. ஒரே இரவில் இருவரின் எண்கள் முழு ஒன்று வரை வேறுபடுவதுண்டு. அதனால் தனிப்புள்ளியைப் பார்க்காமல் புள்ளிகளின் திரளைப் பார்க்கப் பழகவேண்டும். எனது மூன்று வசதிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன், ஏனெனில் சூத்திரத்தின் குணகம் எப்போது பொய்க்கிறது என்பதை முதலில் காட்டுவது இதுவே.

சூரியனை அண்மித்தபோது கே2 தெற்கே ஆழ்ந்துவிட்டது. நமக்கோ மாரி மழை. ஆகவே அந்தக் கட்டத்தை மற்றவர்களின் பதிவுகளில்தான் படித்தேன்.

அதே கருவிகளை 2024-இல் சி/2023 ஏ3 சுசின்ஷான்-அட்லஸுக்குப் பயன்படுத்தியபோது நிலைமை தலைகீழானது. செப்டெம்பர் 27 அன்று 0.39 வானியல் அலகில் சூரியனைச் சுற்றிய அது, கிழக்குக் கடலை நோக்கிய நமக்கு விடியற்காலையில் தடையின்றிக் கிடைத்தது. ஒக்டோபர் 9 அளவில் அது பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் வந்தபோது, தூசுகள் ஒளியை முன்னோக்கிச் சிதறடித்ததால் வழக்கமான சூத்திரம் சொன்னதைவிட மிகவும் ஒளிர்ந்தது. அந்தச் சூத்திரத்தில் இவ்விளைவுக்கு இடமே இல்லை. மாலை வானத்துக்கு மாறிய பின்னர் மேற்கே முகில்களுடன் மல்லுக்கட்டவேண்டியிருந்தது.

இப்போது ஹொரைசன்ஸில் நான் பின்தொடர்வது பெர்னார்டினெல்லி-பெர்ன்ஸ்டைன் வால்வெள்ளியை. அதன் கரு நூறு கிலோமீற்றருக்கும் பெரியது. 2031 ஜனவரியில் சூரியனுக்கு மிக அண்மையில் வரும்போதும் 10.9 வானியல் அலகு தொலைவிலேயே இருக்கும். என் பைனாக்குலருக்கு அது ஒருபோதும் எட்டாது, பெரிய தொலைநோக்கிக்காரர்கள் பதியும் எண்களைத்தான் நம்பியிருக்கவேண்டும்.