பருத்தி ஏர் ஃபில்டர் வாங்கலாமா? அரியலூர்ப் புழுதியில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பெரம்பலூரில் வீடு, அரியலூரில் வேலை. தினமும் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால்தான் என் பயணம். பங்குனி வெயிலில் ரோட்டோரப் புளியமரத்து இலையெல்லாம் வெளுத்துப்போய்க் கிடக்கும். பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். அதில் சில வருஷம், இஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்ட, கழுவித் திரும்பப் போடுகிற எண்ணெய்ப் பருத்தி ஏர் ஃபில்டரைப் போட்டு ஓட்டினேன். இப்போது சாதாரணமாகக் காரில் வருகிற காகித ஃபில்டருக்கே திரும்பிவிட்டேன். "வாங்கலாமா அண்ணா?" என்று கேட்கிற தம்பிகளுக்காக எழுதுகிறேன். பிராண்ட் பெயர் வேண்டாம், இது அந்த வகை ஃபில்டரைப் பற்றிய பேச்சு.

கடையில் சொல்வது மூன்று: பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், ஒருமுறை வாங்கினால் காருக்கு ஆயுசுக்கும் போதும்.

மைலேஜ் கூடவில்லை. டேங்க் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, அடுத்து நிரப்பும்போது வகுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஏசி, டிராஃபிக், டயர் காற்று இவற்றால் மைலேஜ் ஏறி இறங்கியது தெரிந்தது. ஃபில்டரால் எதுவும் தெரியவில்லை. காரணம் எளிது. பெட்ரோல் இஞ்சினில் எவ்வளவு காற்று போகவேண்டும் என்பதை த்ராட்டில்தான் (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கிற காற்று வால்வு) முடிவு செய்கிறது. சாதாரண ஓட்டத்தில் அது பாதிகூடத் திறந்திருக்காது. ஃபில்டர் கொஞ்சம் தாராளமாகக் காற்று விட்டால் த்ராட்டில் அந்த அளவுக்கு மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே போகிற காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை இஸியூ (இஞ்சினின் கம்ப்யூட்டர்) அளந்து விடும். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபியூவல் இஞ்செக்‌ஷன் கார்களில் (கம்ப்யூட்டர் பெட்ரோலை அளக்கிற இந்தக் காலக் கார்களில்) ஃபில்டர் நன்றாக அடைத்திருந்தால்கூட மைலேஜ் குறையவில்லை. வேகமெடுப்பதில்தான் 6 முதல் 11 சதவீதம் வரை வித்தியாசம் வந்தது. மைலேஜில் அடி வாங்கியது கார்புரேட்டர் வைத்த பழைய 1972 மாடல் காரில்தான். அழுக்கு ஃபில்டருக்கே இந்த நிலை என்றால், சுத்தமான காகிதத்தை எடுத்துவிட்டுச் சுத்தமான பருத்தியைப் போடுவதில் என்ன மிச்சமாகிவிடும்?

பிக்கப்? சத்தம் கூடியது. மிதித்தால் முன்பக்கம் ஒரு உறுமல் கேட்கும், அது மனசுக்கு வேகமாகத் தெரியும். முழுசாக மிதித்து ஆர்பிஎம் உச்சத்தில் ஓட்டும்போதுதான் ஃபில்டரின் தடை கணக்கில் வரும். இரண்டு லாரிகளுக்கு நடுவே மூன்றாவது கியரில் போகிற எனக்கு அது எப்போது வாய்க்கும்?

எனக்கு முக்கியம் தூசி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். 40 லிட்டர் டேங்க் காலியாவதற்குள் மூன்றரை லட்சம் லிட்டர் காற்று அந்த ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. நல்ல காகித ஃபில்டரின் இழைகள் நெருக்கமானவை. மேலே படிகிற தூசியே இன்னொரு வடிகட்டியாகி, வரவர இன்னும் நன்றாகப் பிடிக்கும். பருத்தி வலையில் இடைவெளி அதிகம். அதனால்தான் காற்று தாராளமாகப் போகிறது, அதில் இருக்கிற எண்ணெய்தான் தூசியை ஒட்டவைக்கிறது. எண்ணெய் காய்ந்த இடத்தில் காவல் இல்லை. ஒன்று 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க இரண்டு சதவீதம்தான். ஆனால் இஞ்சினுக்குள் போகிற தூசி மூன்று மடங்கு.

இதை நீங்களே பார்க்கலாம். ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பருத்தி ஃபில்டர் இருந்த காலத்தில் என் துணியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பிசுக்கு வந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. குழாயைச் சுத்தம் செய்து காகிதம் போட்டு, அதே ரோட்டில் மாசக்கணக்காக ஓட்டியபின் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரிப்பது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடிதான். இந்தச் சோதனைக்கப்புறம் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

கழுவுவதும் லேசான வேலையில்லை. கிளீனரை அடித்து ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடவேண்டும். பிறகு நிழலில் தானாகக் காயவேண்டும். ஹேர் டிரையர், கம்ப்ரஸர் கூடாது. காய்ந்தபின் மடிப்பு மடிப்பாகச் சிவப்பு எண்ணெய் விட்டு, அது பரவும்வரை காத்திருந்து, வெளிறிய இடத்தில் மறுபடி தொடவேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள் முழுக்கக் காயாது, அதுவரை கார் நிற்கும். எண்ணெய் கூடிவிட்டால் மேஃப் சென்சார் (உள்ளே போகிற காற்றை அளக்கும் கருவி) இருக்கிற கார்களில் அதன் கம்பியில் படிந்து அளவு தப்பும் என்கிற பயமும் உண்டு. ஃபில்டர் கம்பெனிகள் இதை மறுக்கின்றன. டர்போ டீசல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மேஃப் கோஷ்டிதான், கவனம்.

காசுக் கணக்குக்கு வருவோம். பருத்தி ஃபில்டரும் கிளீனிங் கிட்டும் சேர்த்து எனக்கு ஏழாயிரம் ரூபாயை ஒட்டி ஆனது. காகிதம் 350 ரூபாய் என்று வைத்தால் அந்தப் பணத்துக்கு இருபது வரும். சாதாரண ரோட்டில் 40,000 கிலோமீட்டர் தாங்குகிற காகிதத்தை, எங்கள் புழுதிக்காக நான் 10,000-க்கு ஒருதரம் மாற்றினால்கூட இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும்.

அதற்காக வெளிச் சந்தை ஃபில்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாஷ், மாலே, மான், ப்யூரோலேட்டர் மாதிரி கம்பெனிகளின் காகித ஃபில்டரைத் தாராளமாக வாங்கலாம். கார் கம்பெனிகளுக்கே ஃபில்டர் செய்து கொடுப்பவர்களும் இவர்களில் உண்டு. பில் போட்டுக் கொடுக்கிற கடையில் வாங்குங்கள். மடிப்புகள் ஒரே சீராக நிற்கிறதா, விளிம்பு ரப்பர் அமுக்கினால் மெத்தென்று எழும்புகிறதா என்று பாருங்கள். பெட்டியில் உட்காரவைத்ததும் நாலு பக்கமும் ரப்பர் பதியவேண்டும். பிரம்மாதமான ஃபில்டராக இருந்தாலும் விளிம்பில் இடுக்கு இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். போலிகளில் முதலில் தோற்பது இந்த ரப்பர்தான்.

சர்வீஸில் "ஏர் அடிச்சுப் போட்டாச்சு சார்" என்பதை நான் இப்போது விடுவதில்லை. கம்ப்ரஸர் காற்றைக் கிட்டத்தில் பிடித்தால் காகித இழை கிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். வெளியே எடுத்து லேசாகத் தட்டுங்கள், போதும். அதற்கும் மேல் அழுக்கு என்றால் புதுசு போடுங்கள்.

ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பானெட் திறக்கிறவர் பருத்தி வாங்கட்டும், அவர்களுக்கு அர்த்தம் இருக்கிறது. பெட்டியையே எடுத்துவிட்டுத் திறந்தபடி மாட்டுகிற கூம்பு ஃபில்டரை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டேன். பானெட்டுக்குள்ளிருக்கும் சூட்டுக் காற்றைத்தான் அது இழுக்கும். தாழ்வாக மாட்டியிருந்தால் மழைக்காலத்துச் சப்வேயில் தண்ணீரையும் இழுத்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

கையில் காசு மிச்சமிருந்தால் கார்பன் கலந்த கேபின் ஃபில்டர் வாங்கிப் போடுங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், நீங்களே மாற்றலாம். லாரிப் புகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது வித்தியாசம் முதல் நாளே மூக்குக்குத் தெரியும்.