ஆக்ஸிஸ் அண்ட் அல்லீஸ் 1942: போன ஃபைட்டர் எங்கே இறங்கும்?

"இரண்டாம் பதிப்பு வாங்கலாமாடா, கப்பல், ஃபிளைட் ரூல் எல்லாம் தலை சுத்துதாமே?" என்று அடையாறு நண்பன் கேட்டிருக்கிறான். வேளச்சேரியில் எங்கள் வீட்டு சாப்பாட்டு மேஜையைப் பல ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிடித்து வைத்திருப்பது இரண்டாம் உலகப் போரை வைத்து ஆடும் இந்த போர்டு கேம்தான். டாங்க், பகடை, வருமானமெல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். கப்பலும் சிக்கல் இல்லை, எல்லாக் கப்பலுக்கும் இரண்டு கட்டம். என் வயிற்றெரிச்சல் விமானம் இறங்கும் விதி.

ஃபைட்டருக்கு (சண்டை விமானம்) ஒரு டர்னுக்கு நாலு நகர்வு, பாம்பருக்கு (குண்டு வீசும் விமானம்) ஆறு; ஒரு நகர்வு என்றால் ஒரு கட்டம். போக, வர எல்லாம் அதற்குள். சண்டை போட்டுப் பிடித்த நாட்டில் அதே டர்னில் இறங்க முடியாது. புதிதாக ஆட வருகிற எவனும் இதற்குச் சண்டைக்கு வராமல் இருந்ததில்லை: "நம்ம ஆளுங்கதானே நிக்கிறாங்க, ஏன் இறங்கக் கூடாது?" ஹவாய், மிட்வே மாதிரித் தீவு என்றால் சுற்றியுள்ள கடலுக்கு ஒன்று, தீவுக்கு ஒன்று என்று இரண்டு நகர்வு போய்விடும். கேரியரில் (விமானந்தாங்கிக் கப்பல்) நிற்கிற ஃபைட்டரோ ஏற்கெனவே கடலில்தான் இருக்கிறது, பக்கத்துக் கடலுக்குப் போக ஒன்றே போதும். இதை ஒரே பக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கலாம். விதிப்புத்தகத்தில் சண்டை நகர்வில் கொஞ்சம், சண்டையில்லா நகர்வில் கொஞ்சம், பின்னால் விமானங்களைப் பற்றிய பகுதியில் மீதி. பகடையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் புரட்டியே ஃபில்டர் காபி ஆறிப்போகிறது.

ஆனால் புரிந்த பிறகு இதுதான் கேமின் உயிர். கேரியர் நகராமல் இருந்தால் அதன் ஃபைட்டர் இரண்டு கட்டம் தள்ளி அடித்துவிட்டுத் திரும்பலாம். சண்டை முடிந்ததும் கேரியர் இரண்டு கட்டம் முன்னேறி வந்து ஏந்திக்கொள்ளும் என்றால் மூன்று கட்டம் தள்ளி அடிக்கலாம். 1942 ஏப்ரலில் ஜப்பானின் ரியூஜோ கேரியரின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும், அந்த மாதம் மெட்ராஸ் ஜனம் மூட்டை கட்டியதும் ஏன் என்று இந்த மேஜையில்தான் எனக்கு உறைத்தது. (போர்டில் மெட்ராஸ் கிடையாது. மொத்தமும் 'இந்தியா' என்று ஒரே கட்டம்.)

எதிரி புத்திசாலி என்றால் நடுவில் கேம் காசில் எட்டு ரூபாய் டெஸ்ட்ராயர் கப்பல் ஒன்றை நிறுத்திக் கேரியரின் வழியை மறித்துவிடுவான். அங்கேதான் அந்த வில்லங்க விதி: இறங்க வழி இருக்கிறது என்று கிளம்பும்போதே காட்ட வேண்டும், எவ்வளவு அபூர்வமான வழியானாலும் சரி. நம் பகடை எல்லாம் விழுந்து, அவனுடையது ஒன்றும் விழாது என்று வைத்துக் கணக்குச் சொல்லலாம். என் மச்சான் வழியை மறிக்கிற ஒரு கப்பல் கூட்டத்தின் மேல் ஒற்றை சப்மரைனை ஏவிவிட்டு, "இவன் எல்லாத்தையும் முடிச்சிடுவான், கேரியர் வந்துடும்" என்பான், முகத்தில் ஈ ஆடாது. சப்மரைன் போகும், கேரியர் வராது, இரண்டு ஃபைட்டரும் கடலில். அதற்குள் என் போர்க்கப்பலும் போயிருக்கும். விதிப்படி எல்லாம் சரிதான், அதுதான் எரிச்சல்.

போன வாரமும் இதே கதை, அதனால் இன்றைய தீர்ப்பு: வாங்காதே. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வா, ஜப்பானுக்கு ஆள் தேவை. மச்சானை இனி ரஷ்யாவுக்கு அனுப்பப்போகிறேன், அங்கே கேரியர் வாங்கக் காசு மிஞ்சாது.