கிராமத்து வீட்டில் ஃபைபர் இன்டர்நெட்: வருடக்கணக்கில் பயன்படுத்தியதில் தெரிந்தவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பல கிராமங்களில், முன்பு டிவி கேபிள் கொடுத்தவரே இன்று ஃபைபர் (கண்ணாடி இழையில் ஒளியாக வரும் நெட்) இணைப்பும் கொடுக்கிறார். 2016-ல் ஜியோ வந்ததும் போனிலேயே நெட் கிடைத்தது. வீட்டுக்குத் தனி ஒயர் எதற்கு என்ற கேள்வி அப்போது நியாயமாக இருந்தது. இப்போது பெங்களூரு கம்பெனி வேலையைப் பாலக்கோட்டு வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வு, பட்டா சிட்டா, வில்லங்கம், ஆஸ்பத்திரி டோக்கன் என்று எல்லாம் அந்த ஒரு ஒயரில் தொங்குகிறது. அதனால் இணைப்பு வாங்கும்போது வேகத்தை இரண்டாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி: அறுந்தால் யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார்?

வேகத்துக்கு ஒரு கணக்குப் போதும். தெளிவான வீடியோ ஒன்றுக்கு சுமார் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் வேக அளவு), ஆபீஸ் வீடியோ மீட்டிங்குக்கு 3 முதல் 4. ஜிபே, போன்பே போன்றவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமே வேண்டாம். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் தாராளம். 200 வாங்கியும் 94-க்கு மேல் ஏறவில்லையென்றால், ஃபைபர் ஒயர் வந்து சேரும் வைஃபை பெட்டியிலுள்ள லேன் போர்ட் (கம்ப்யூட்டர் கேபிள் செருகும் துளை) 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும். விலை குறைந்த பெட்டிகளில் இது சகஜம். பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதிகம் படுத்துவது கரண்ட்தான். பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர், 1 அல்லது 1.5 ஆம்பியர். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் போய் மாறுகிற அந்த நொடியில் சில பெட்டிகள் அணைந்து எழும். மறுபடி லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், மீட்டிங் அறுந்துபோகும். இதற்கு மருந்து 12 வோல்ட் மினி யூபிஎஸ், அதாவது பெட்டிக்கென்றே உள்ள சின்ன பேட்டரி. உள்ளே 3.7 வோல்ட், 2000 எம்ஏஎச் லித்தியம் செல் நான்கு இருந்தால் மொத்தம் 29.6 வாட் ஹவர். இழப்பு போக, 8 வாட் இழுக்கும் பெட்டி சுமார் மூன்று மணி நேரம் ஓடும். அட்டையில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், வாட் ஹவர் கணக்கைப் பாருங்கள். செல் வயதாக ஆக நேரம் குறையும். பெட்டி தானாக அணைந்து அணைந்து எழுந்தால் முதல் சந்தேகம் அடாப்டர் மீதே இருக்கட்டும்: உள்ளேயிருக்கும் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் அளவு பார்த்து மாற்றினால் சரியாகிவிடும்.

உங்கள் வீட்டில் யூபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது. கம்பத்தில் இருக்கும், ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, ஆனால் கேபிள்காரர் ஆபீஸில் இருந்து ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டிக்குத் தேவை. அங்கே பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது.

நெட் நின்றால் போன் போடுமுன் விளக்கைப் பாருங்கள். ஒன்றுமே எரியாவிட்டால் அடாப்டர் பிரச்சினை. லாஸ் (LOS) விளக்கு சிவப்பில் மினுக்கினால் இழையில் வெளிச்சம் வரவில்லை, ஒயர் எங்கோ போயிருக்கிறது. பான் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து நின்றும் நெட் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம். இதைச் சொல்லிக் கூப்பிட்டால், வருபவர் இழையை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைஸ் மெஷினை எடுத்துக்கொண்டு வருவாரா, சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவாரா என்பது மாறும்.

ஒயர் சங்கதி பெரிய சங்கதி. நம் பக்கத்தில் அது ஈபி போஸ்ட், புளியமரம், தென்னை என்று தாவித் தாவி வருகிறது. வைக்கோல் லாரியும் பாலக்கோடு ஆலைக்குப் போகும் கரும்பு லோடும் சாலையைக் குறுக்கே கடக்கும் ஒயரை இழுத்துக்கொண்டு போகும். குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி தோண்டினால் மண்ணுக்குள் புதைத்ததும் போகும். அணிலும் எலியும் கடிக்கும். அதனால் வீட்டு வாசலில் ஐந்து முதல் பத்து மீட்டர் ஒயரைச் சுருட்டி விட்டுவைக்கச் சொல்லுங்கள். அருகில் அறுந்தால் அதை இழுத்தே ஒட்டிவிடலாம், புது ஒயருக்குக் காத்திருக்க வேண்டாம்.

இணைப்புக் கொடுத்த அன்றே பிரவுசரில் பெட்டியின் செட்டிங் பக்கத்தைத் திறந்து (பல பெட்டிகளில் முகவரி 192.168.1.1) ஆப்டிகல் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, எத்தனை டிபிஎம் என்று குறித்து வையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி இறங்கினால் நெட் விட்டுவிட்டு வரும். முதல்நாள் மைனஸ் 20 இருந்தது இன்று மைனஸ் 23 என்றால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். காரணம் பெரும்பாலும் கதவிடுக்கில் நசுங்கிய ஒயர், ஆணியில் இறுக்கி மடித்த வளைவு, அல்லது பச்சை முனையில் வேறு வகையான நீல முனையைச் செருகியது. மெஷினில் உருக்கி ஒட்டினால் இழப்பு 0.1 டிபிக்குள் இருக்கும், கையால் பொருத்தும் முனையில் அதைவிடக் கூடுதல். முனையைக் கண்ணருகில் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் லேசர்தான்.

கோடை மழையில் இடி இறங்கும்போது அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. ஒயரோடு வரும் இரும்புக் கம்பியும் வெளியே இழுத்த கேமரா லேன் கேபிளும் கடத்தும். போர்ட் கருகுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

ராத்திரி ஏழு முதல் பத்து வரை மட்டும் நெட் தள்ளாடினால் ஒயரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் லேன் ஒயரில் வேகம் பார்த்துப் படம் எடுத்து கேபிள்காரருக்கு அனுப்புங்கள். ஊருக்கு வரும் மொத்த அளவை அவர் கூட்டியாக வேண்டும்.

கல் சுவர் வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைத் தாண்டவே திணறும். தூரம் போகும் 2.4 கிகாஹெர்ட்ஸை அணைக்காமல், அதில் சேனல் 1, 6, 11-ல் ஒன்றை வையுங்கள். பிள்ளைகளின் போனுக்கு ராத்திரி நேரக் கட்டுப்பாடு போட்டும் வேலை செய்யவில்லையென்றால், போனில் ரேண்டம் மேக் (போனின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும்) அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம். அந்த வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்த வேண்டும்.

மலைப்பக்க ஊர்களுக்கு, அஞ்செட்டி, சித்தேரி போல டவர் சிக்னல் இளைத்த இடங்களுக்கு, இந்த இணைப்பு தரும் பெரிய வரம் வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியே போன் பேசுவது. போன் செட்டிங்கில் அதை இயக்கினால் வீட்டுக்குள் பேச்சு தெளிவாகக் கேட்கும், பெரும்பாலும் ஓடிபி குறுஞ்செய்தியும் வந்து சேரும். பேங்க் ஓடிபிக்காக மேட்டில் ஏறி நிற்பதைவிடப் பெரிய நிம்மதி அது. ஓடிபி கேட்டு யாராவது பேசி ஏமாற்றினால், பணம் போனவுடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதம்தான் பணத்தை விழுங்குகிறது.

தோட்டத்து சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து கேமராவுக்கு வழி திறக்கும் செட்டிங்) போட்டும் சில வீடுகளில் திறக்காது. பெட்டியின் செட்டிங் பக்கத்தில் வான் (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்திருக்கிறார்கள். கேமரா கம்பெனியின் பி2பி ஆப் அல்லது உங்களுக்கென்றே தனி ஸ்டேட்டிக் (மாறாத) ஐபிதான் வழி.

499 ரூபாய் பிளானுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 589 ஆகும். முதலில் ஒரு மாதம், பிறகு மூன்று மாதம் என்று கட்டுங்கள். ஒரு மழைக்காலம் அந்த ஆள் எப்படி வந்து பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு வருடச் சந்தா கட்டலாம். பெட்டிக்கு வாங்கும் டெபாசிட்டுக்கு ரசீது வேண்டும், பெட்டியின் சீரியல் நம்பரோடு.