மாட்டுங்காவில் ஈர அரிசி அரைத்துத் தரும் சக்கி: கோகுலாஷ்டமி மாவு அனுபவம்

பம்பாயில் ஈர அரிசி அரைத்துத் தருகிற சக்கி, அதாவது மாவு மெஷின், கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே சீடை செய்கிறவர்களுக்குத் தெரியும். சயானில் எங்கள் வீட்டைச் சுற்றியே மூன்று மாவு மெஷின் இருக்கிறது. மூன்றிலும் கோதுமைதான். ஈர அரிசிப் பையைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஈர மாவு கல்லில் அப்பிக்கொண்டால் கல்லைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை வரிசையில் நிற்கும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

மாட்டுங்கா மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சக்கியைப் பற்றித்தான் இந்த விமரிசனம். போர்டு எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. காய்கறிக்காரர்களிடம் "சாவல் பீஸ்னேவாலா" (அரிசி அரைக்கிறவர்) என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

2025இல் அங்கே போகக் காரணம் அதற்கு முந்தின வருஷம் கோகுலாஷ்டமிக்குப் பட்ட பாடு. மழை விடாமல் பெய்ததால் மாவு காயாது என்று பயந்து, "பதப்படுத்திய அரிசி மாவு" என்று போட்டிருந்த பாக்கெட் ஒன்றை வாங்கிவிட்டேன். உப்புச் சீடை இரண்டாவது ஈடு போட்டதும் எண்ணெய்க்குள் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். ஒன்று வெடித்து மேலே சீலிங்கில் போய் ஒட்டிக்கொண்டது. என் முன்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்குக் கண்ணனுக்கு வைத்தது முறுக்கும் வெண்ணெயும் மட்டும்தான். அது எனக்கு மனசிலேயே நின்றுவிட்டது.

சீடை ஏன் வெடிக்கிறது என்று மாமியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வெளியே தோல் முறுகி இறுகிவிடும். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் ஆவியாகி, வழி இல்லாமல் பிய்த்துக்கொண்டு வரும். மாவில் கட்டி இருந்தாலும், உப்புக்கல் கரையாமல் கிடந்தாலும், உருண்டையை அழுத்தி வழவழவென்று உருட்டினாலும் இதே கதிதான். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் எல்லாமே இரண்டு மடங்கு கவனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. கண்ணன் பிறந்ததே ஆவணி மழையில்தானே, நாம் என்ன செய்ய முடியும்!

2025இல் எங்கள் பஞ்சாங்கப்படி கோகுலாஷ்டமி ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. 13ஆம் தேதி புதன்கிழமை காலையிலேயே ஒரு கிலோ பச்சரிசியைக் களைந்து, அரை மணி ஊறவைத்து வடித்து, பழைய வேட்டியில் பரப்பி ஃபேனைப் போட்டுவிட்டேன். வெயில் காலமாக இருந்தால் அரை மணியில் பதம் வந்துவிடும். அன்றைக்கு ஒன்றரை மணி ஆயிற்று. அப்புறம் தூக்குவாளியில் போட்டு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் கட்டி, ஒரு ஸ்டேஷன் தள்ளி மாட்டுங்காவுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஆறு பேர். எல்லாரும் நம்ம ஊர்க்காரர்கள்தான், எல்லார் கையிலும் தூக்குவாளி. இந்தக் கடையில் இரண்டு மெஷின். கோகுலாஷ்டமிக்கு முந்தின வாரம் சக்கிக்காரர் ஒன்றை அரிசிக்கு மட்டும் ஒதுக்கிவிடுகிறார். அப்படியும் ஒவ்வொருவருடைய அரிசியையும் போடுவதற்கு முன்னால் தன் டப்பாவிலிருந்து இரண்டு பிடி உலர்ந்த அரிசியை ஓட்டி, அந்த மாவைத் தனியாகத் தள்ளிவிடுகிறார். விரத நாளில் முந்தினவர்களின் மாவு கலக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதற்காக ஒரு பைசா கூடுதலாக வாங்குவதில்லை.

என் முறை வந்ததும் சக்கிக்காரர் வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசியை இறுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து விரலை விரித்தார். அரிசி கட்டியாக நின்றது, உதிரவில்லை. உள்ளங்கையை எனக்குக் காட்டினார், லேசாக மினுமினுத்தது. "மாஜி, இன்னும் ஈரம் இருக்கிறது. இப்போது அரைத்தால் உங்கள் மாவு பாதி என் கல்லில்தான் இருக்கும்" என்று இந்தியில் சொன்னார். மூலையில் ஒரு டேபிள் ஃபேன், அதற்கு முன்னால் சுத்தமான கோணித்துணி. அதன் மேல் என் வேட்டியை விரிக்கச் சொன்னார். இருபது நிமிஷம். மறுபடி ஒரு பிடி. இந்தத் தடவை பிடித்தபோது நின்றது, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. கை காய்ந்தே இருந்தது. அந்தப் பதம்தான். முப்பது வருஷமாக இந்தப் பதத்தைச் சொல்லத் தெரியாமல், மருமகளிடம் "கண்ணால பார்த்துக்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதை இரண்டு பிடியில் காட்டிவிட்டார்.

மாவு சூடாக, பூப்போல வந்தது. நான் கேட்டிருந்த மாதிரி, ரொம்ப நைசாகவும் இல்லை, ரவையாகவும் இல்லை. கிலோவுக்கு இருபது ரூபாய்தான் வாங்கினார்.

குறை இல்லாமல் இல்லை. உட்கார இடம் கிடையாது, முழங்கால் வலிக்காரர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தில் மழைத் தண்ணீர் கணுக்கால் வரைக்கும் நிற்கிறது. வாசலில் இரண்டு செங்கல் போட்டிருக்கிறார், ஒன்று ஆடுகிறது. சலித்துத் தரமாட்டார். வறுத்த உளுந்தைக் கொடுத்தால் அரைப்பார், ஆனால் கால் கிலோவுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார். எட்டுக்கு ஒன்று என்று உளுத்தம்மாவு சேர்க்கிறவளுக்கு அவ்வளவு எதற்கு? நான் அதை வீட்டிலேயே மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வெறும் வாணலியில் மாவை வறுத்தேன். விரலிடுக்கில் எடுத்தால் கோலம் போட வர வேண்டும், அதுதான் கணக்கு. இரண்டு தடவை சலித்து எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்தேன். வெல்லச் சீடைக்கு மட்டும் கொஞ்சம் வறுக்காமல் தனியே எடுத்து, அன்றைக்கே பாகில் கிளறிவிட்டேன்.

பதினாறாம் தேதி பம்பாய்க்கு ரெட் அலர்ட். கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்குமே என்று பூ, துளசி எல்லாம் முந்தின நாளே வாங்கியாகிவிட்டது. எங்கள் கட்டடத்து மராட்டிக்காரர்கள் 15ஆம் தேதி நள்ளிரவே பூஜையை முடித்துவிட்டார்கள். எங்களுக்கு 16 சாயங்காலம்தான். கீழே பையன்கள் கொட்டுகிற மழையில் தஹி ஹண்டிக்கு, அதாவது உயரத்தில் கட்டிய தயிர்ப்பானையை உடைக்க, ஆள் மேல் ஆளாக ஏறிக்கொண்டிருந்தபோது நான் அடுப்படியில் எண்ணெயைக் காயவைத்தேன்.

சீடையை உருட்டித் துணியில் போட்டு அரை மணி ஆறவிட்டிருந்தேன். முதல் ஈட்டில் பத்தே பத்து. வாணலித் தட்டைக் கையில் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னச் சின்னக் குமிழாக எண்ணெய் பொரிந்தது, சத்தம் அடங்கியது, ஒவ்வொன்றாக நிறம் மாறி மேலே வந்தது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. கடைசி ஈடு வரைக்கும் வெடிக்கவில்லை. ஆறியதும் ஒன்றைத் தட்டில் போட்டால் கணீர் என்று விழுந்தது.

மிச்ச மாவைக் கரைத்து வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் கண்ணன் பாதம் வைத்தேன். கையை மூடிப் பக்கவாட்டில் பதித்து, மேலே ஐந்து புள்ளி. மாடிப்படி ஈரத்தில் முதல் இரண்டு பாதம் கரைந்துபோய்விட்டது. பேத்தி உள்ளே வந்து, "பாட்டி, கிருஷ்ணன் மழையில நனைஞ்சுண்டு வந்திருக்கான், கால் வழுக்கியிருக்கு" என்றாள். அதை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

அஷ்டமி இரவு ஒன்பதரை வரைக்கும்தான் இருந்தது. அதற்குள் உப்புச் சீடை, வெல்லச் சீடை, முறுக்கு, அவல், வெண்ணெய், சுக்கு வெல்லம் எல்லாம் வைத்து நைவேத்தியம் ஆயிற்று. அப்புறம் விளக்கைத் தூண்டிவிட்டு, பாகவதத்தில் தசம ஸ்கந்தம் மூன்றாம் அத்தியாயம் படித்தோம். வசுதேவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேகம் பொழிகிறது, ஆதிசேஷன் படத்தை விரித்து மழையைத் தடுக்கிறான், யமுனை வழி விடுகிறது. வெளியே அதே மழை. ஜன்னலைச் சாத்தினால்கூட எங்கள் குரலுக்கு மேல் கேட்டது. பன்னிரண்டு மணி வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மார்க் அந்த ஆடுகிற செங்கலுக்காகக் குறைத்தேன், வயசானவர்கள் விழுந்துவிடக் கூடாது. போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால், காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். முந்தின நாள் போனால் வரிசை தாங்காது, வறுத்து ஆறவைக்கவும் நேரம் இருக்காது. அந்த வருஷம் ஆகஸ்ட் 27ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு இன்னும் நைசாக வேண்டும் என்று சக்கிக்காரரிடம் சொன்னேன், "திங்கட்கிழமை வாங்க மாஜி, அதற்குள் கல்லைக் கொத்தி வைக்கிறேன்" என்றார்.