பழைய பித்தளையை நிறைக்குக் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

மலையகத்தில் இப்போது எங்கே பார்த்தாலும் பித்தளைதான். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றுகிறவர்களும், புதிதாகக் கடை திறக்கிறவர்களும், வீடு திருத்துகிறவர்களும் கைப்பிடி, குழாய், சுவர் விளக்கு எல்லாம் பித்தளையில் கேட்கிறார்கள். அதைச் சாக்காக வைத்து ஏமாற்றுகிறார்கள். ஹட்டன் பக்கம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கதவுக் கைப்பிடிகளும் சாமி அறைக்கு ஒரு சோடி குத்துவிளக்கும் வாங்கப் போனோம். "அக்கா, எல்லாம் முழுப் பித்தளை. பழைய சாமான் இருந்தால் கொண்டு வாங்க, நிறைக்குக் கழித்துத் தாறேன்" என்றார் முதலாளி. அம்மாயியின் குடமும் தாம்பாளமும் தராசில் ஏறின.

தென்மேற்கு மழை தொடங்கியதும் கைப்பிடிகளின் திருகாணி ஓரத்தில் மஞ்சள் பூச்சு உப்பி, உரிந்து, உள்ளே செந்துரு தெரிந்தது. பித்தளை செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. கறுக்கும், பச்சை பிடிக்கும், ஆனால் செந்துரு வராது. அது வந்தால் உள்ளே இரும்பு. விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் விளிம்பில் மஞ்சள் போய்ச் சாம்பல் நிறம் வெளியே வந்தது. இத்தனைக்கும் வாங்கும்போது முதலாளியே காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டிய விளக்கு அது.

இதுதான் பலருக்குத் தெரியாத இடம். காந்தம் இரும்பைத்தான் காட்டிக் கொடுக்கும். நாகக் கலவையிலோ அலுமினியத்திலோ வார்த்து மேலே முலாம் பூசியிருந்தால் காந்தம் அதிலும் ஒட்டாது. விளக்கின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சின்ன அரத்தால் கொஞ்சம் ஆழமாகவே உரசிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருக்க வேண்டும். உரச விடாத கடையில் வாங்காதீர்கள். சந்தேகம் தீராவிட்டால் சாமானை நிறுத்துவிட்டு, நிரம்பிய தண்ணீரில் முழுசாக அமிழ்த்தி, வழிந்த தண்ணீரையும் நிறுத்துப் பாருங்கள். பித்தளை அந்தத் தண்ணீரைப்போல சுமார் 8.5 மடங்கு நிறை இருக்கும். நாகக் கலவை 7 மடங்கைத் தாண்டாது.

திருப்பிக் கொண்டுபோனபோது, "பித்தளைக் கலர் என்றுதானே சொன்னேன்" என்று முதலாளி கையை விரித்தார். பில்லில் வெறுமனே "விளக்கு, கைப்பிடி" என்றுதான் இருக்கிறது. பித்தளை என்ற சொல்லே இல்லை. அம்மாயியின் குடத்தைக் கேட்டால், உருக்கப் போய்விட்டதாம். அதுதான் மனசு ஆறவில்லை. அந்தக் குடத்துக்குக் காசு போட்டு ஈடுகட்ட முடியுமா?

அதனால் பில்லில் "முழுப் பித்தளை" என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. கண்டிக்குப் போகிறவர்கள் பிலிமத்தலாவைப் பக்கம் வார்ப்பு வேலை நடக்கும் இடத்திலேயே பார்த்து வாங்கலாம். நாங்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியும்வரை கடையின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லையும் சாமானையும் தூக்கி வீசாமல் வைத்து நீங்களும் அழையுங்கள்.