‘மேய்ச்சல் கிடாய்’ என்ற பெயரில் 34,000 ரூபாய் போனது: மொத்தமாகக் கறி வாங்குவோர் கவனத்துக்கு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 34,000 ரூபாய். கிலோ 850 வீதம் 40 கிலோ. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கிழட்டுச் செம்மறியையும் ஐஸ் தண்ணீரையும் அனுப்பி வைத்த ஓர் இணைய இறைச்சி வியாபாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், நடுவில் பெயரைப் போட்டு, அவர்கள் எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வழி செய்து கொடுப்பானேன்? பச்சை நிறச் சின்னம், கண்மாய்க் கரையில் ஆடு மேயும் படம், ‘தீவனம் இல்லை, ஊசி இல்லை, மேய்ச்சல் மட்டுமே’ என்ற வாசகம். பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்களுக்குக் கீழக்கரை. அண்ணன் தம்பி மூன்று வீடு, சமையல் பெரும்பாலும் உம்மா வீட்டில் ஒன்றாகத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் கொஞ்ச மீனுக்கு அடிதடி, விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கறியை மொத்தமாக வாங்கி உறைபெட்டியில் போட்டுவிடலாம் என்பது வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு.

‘ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்துகொண்டு ஆட்டுக்கறிக்கு இணையமா’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள், அறுவடை முடிந்ததும் வயலில் கிடை போடத் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கோடையில் இங்கே மேய்ச்சல் ஆடு அவ்வளவாக இருக்காது. இருப்பதில் நல்ல கிடாய்களைப் பெருநாளுக்கென்று முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்திருப்பார்கள். கிலோ 850க்கு மேய்ச்சல் கிடாய் என்று அவர்கள் சொன்னதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அப்போது உள்ளூர் விலையும் ஏறக்குறைய அதுதான். அடிமாட்டு விலை சொல்லியிருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

நம்பிக்கை வந்த இடத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் இந்தக் கூட்டம் கெட்டிக்காரக் கூட்டம். பணம் கட்டும் முன் போன் செய்தேன். எடுத்தவன் பேச்சிலேயே நம் கடற்கரை வாடை. ‘சொல்லுங்க காக்கா’ என்றான். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். கொடி ஆட்டுக் கிடாய் வேண்டும், பல் போடாத குட்டிக் கிடாய் என்றேன். உடனே அவன் கேட்டது: ‘கரும்போரையா, செம்போரையா காக்கா?’

இதன் அர்த்தம் ஆடு தெரிந்தவனுக்குத்தான் விளங்கும். கொடி ஆடு தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலோரத்து வெள்ளாடு. நெட்டைக் கால், ஒல்லி உடம்பு, வெள்ளை மேனி. அதில் கறுப்புத் திட்டு இருந்தால் கரும்போரை, செந்நிறத் திட்டு இருந்தால் செம்போரை. கறிக்கு எதுவானாலும் ஒன்றுதான், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் மந்தையோடு பழகியவனாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா, ‘இவனுக்கு ஆடு தெரியும்’ என்றார்கள். வயது முழுவதும் சந்தைக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். அறுப்பு யார் என்று கேட்டேன். பள்ளிவாசல் மோதினார் அறுக்கிறார், வீடியோ அனுப்புகிறேன் என்றான். வீடியோவும் வந்தது. ஆடு, கத்தி, தக்பீர் எல்லாம் அதில் இருந்தன. யாருடைய ஆடு, எந்த ஊர், எந்த வருஷத்து வீடியோ என்பது அவனுக்குத்தான் வெளிச்சம்.

34,000 ரூபாய் போனது.

குளிரூட்டிய வண்டியில் வரும் என்றார்கள். வந்ததோ மே மாத மதிய வெயிலில், மேலே தார்ப்பாய் போட்ட ஒரு சுமை ஆட்டோ. தெர்மோகோல் பெட்டிகளின் மூலையில் சிவப்புத் தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது. கையெழுத்து போட்டால்தான் இறக்குவேன் என்று ஓட்டுநர் பிடிவாதம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் வாடகைக்கு வந்தவர். எதிர் வீட்டு மீன் வியாபாரியின் மின்னணுத் தராசில் வைத்தோம். பொட்டலங்களோடு 40 கிலோ சரியாக இருந்தது. பிரித்து, ஐஸையும் தண்ணீரையும் வடித்துவிட்டு வைத்தால் 31. ஒன்பது கிலோ தண்ணீர், கிலோ 850 ரூபாய்க்கு! 7,650 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கிக் குடித்த குடும்பம் தமிழ்நாட்டிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எடை போகட்டும். கறியைச் சொல்கிறேன். மேய்ந்து திரிந்த வெள்ளாட்டுக் கறியில் மேல்கொழுப்பு அதிகம் இருக்காது. கொழுப்பு பெரும்பாலும் குடலையும் குண்டிக்காயையும் சுற்றித்தான் சேரும். இந்தப் பொட்டலங்களில் சதைக்கு மேலே விரல் தடிமனுக்கு வெள்ளைக் கொழுப்பு. எலும்பு தடிமன். வாடை செம்மறி வாடை. மூன்றாவது பொட்டலத்தைக் கழுவிக்கொண்டிருந்த உம்மா ஒரு துண்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பஞ்சு போன்ற சதை, நடுவில் காம்பு. மடி! குட்டிக் கிடாய்க்கு மடி எங்கிருந்து வந்தது? பல முறை குட்டி போட்டு ஓய்ந்த கிழட்டு ஆட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.

குக்கரில் விசில் மேல் விசில் வந்ததே தவிரக் கறி வேகவில்லை. ஆறிய குழம்பின் மேல் கொழுப்பு மெழுகுவர்த்தி போல உறைந்து நின்றது. வாப்பா ஒரு துண்டை மென்று பார்த்துவிட்டுத் தட்டோரம் வைத்தார்கள். மறுநாள் மிச்சப் பொட்டலங்களில் பாதிக்கு மேல் நாற்றம். தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த மடித் துண்டு இருக்கும் பொட்டலத்தை மட்டும் சாட்சிக்கு வைத்திருக்கிறேன்.

இனி அவர்கள் அலைக்கழித்த கதை. அந்தக் ‘காக்கா’க்காரன் முதல் நாள் போனை எடுத்தான். மேய்ச்சல் ஆடு என்றால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் என்றான். மடியைச் சொன்னேன், சத்தமில்லை. பிறகு, அது வெட்டும் பிரிவு, தனக்குத் தொடர்பில்லை என்றான். வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டால் ஒரு பெண் குரல், ‘உங்கள் கருத்துக்கு நன்றி சார், பதிவு செய்துகொண்டோம்’ என்றது. கருத்தா? நான் என்ன கவிதைக்கு விமர்சனமா சொன்னேன்? எடை குறைந்ததற்குப் பதில், ‘உறைந்த நிலையில் எடுத்த எடையே இறுதியானது’. படங்களை அனுப்பினால், ‘பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் பரிசீலிக்க முடியாது’. கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, அடுத்த கொள்முதலுக்கு 500 ரூபாய் கூப்பன். 34,000 ரூபாயைத் தின்றுவிட்டு 500 ரூபாய்க் கூப்பன், அதுவும் அவர்களிடமே வாங்கினால்தான்! அதற்குப் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். தம்பியின் எண்ணிலிருந்து போட்டால் மணி அடிக்கிறது, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறான்.

அப்புறம்தான் ரசீதைத் துருவினேன். உணவு வியாபாரம் செய்பவர்கள் தங்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை ரசீதில் போட வேண்டும் என்பது 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். இவர்கள் ரசீதில் அந்த எண்ணே இல்லை. பணம் போயிருப்பதும் நிறுவனத்தின் பெயருக்கு அல்ல, ஏதோ ஒரு தனி ஆளின் கணக்குக்கு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன். இப்போது இருக்கும் ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. வெட்டிப் பொட்டலம் கட்டிய கறியை மொத்தமாக வாங்காதீர்கள். நம் கசாப்புக் கடைகளில் தோலுரித்த உடலில் வால் நுனி முடியையும் கிடாயின் விதையையும் விட்டுத் தொங்கவிடுவது சும்மா இல்லை, வெள்ளாடா செம்மறியா, ஆணா பெண்ணா என்று வாங்குபவன் கண்ணால் பார்ப்பதற்காக. இரண்டு மூன்று வீடு சேர்ந்து உயிரோடு ஆடாகப் பிடித்து, கண் முன்னால் அறுத்துப் பங்கு போடுங்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே வீடியோவைத் தொடங்குங்கள். வடித்த பிறகு எவ்வளவு எடை என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் போனை வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். இதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி, மண்டபம் பக்கம் இதே மாதிரிக் கறி வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதும் படமும் வைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள். தனித்தனியாகப் போவதைவிடச் சேர்ந்து போவோம்.